பெரிய டயரும் சின்னப் பினியனும்: ஐஸ்லாந்து ஜீப்புகளின் கதை



பழைய மாணவர் ஒருவர் தன் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டப் போகிறாராம். "வேறு எதையாவது மாற்ற வேண்டுமா சார்?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடி ஒரு குட்டி நாடே பல வருடம் மெனக்கெட்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பனியில் மோட்டார் வண்டி ஓட்டும் ஆசை பழையது. 1907-இல் புறப்பட்ட ஷாக்கிள்டன் அண்டார்க்டிகாவுக்கு ஒரு கார் கொண்டுபோனார். உறைந்த கடல்மேல் ஓடியது. பொலபொலவென்ற பனியில் சக்கரம் புதைந்துவிட்டது. 1939-இல் அமெரிக்கர்கள் 'ஸ்னோ குரூசர்' என்று ஒரு பூதத்தையே கட்டினார்கள். 55 அடி நீளம், சுமார் 34 டன் எடை, 10 அடி விட்டத்தில் நான்கு சக்கரங்கள். டயரில் பட்டனே கிடையாது, மொழுமொழு என்று இருக்கும். 1940 ஜனவரியில் பனியில் இறக்கியதும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ரிவர்ஸில் போனால் கொஞ்சம் நகர்கிறது என்று கண்டுபிடித்து, 92 மைல் தூரம் பின்னாலேயே ஓட்டினார்கள். அதற்குமேல் முடியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள். டயர் பெரிதானால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஐஸ்லாந்துக்காரர்களுக்கு இது சாகசம் அல்ல, பிழைப்பு. தீவின் நடுப்பகுதி முழுக்கப் பனியாறும் எரிமலைச் சாம்பலும். தீவைச் சுற்றிவரும் சாலையே 1974-இல்தான் முழுமையானது. இரண்டாம் உலகப்போரில் வந்த ஜீப்புகள் போருக்குப் பிறகு விவசாயிகளின் கைக்கு வந்தன. அங்கே மீட்புப் பணி செய்வதும் ஊர்த் தன்னார்வலர்கள்தான். பனிப்புயலில் ஒருவர் சிக்கினால், பக்கத்து ஊர்க்காரர் வண்டியோடு கிளம்பியாக வேண்டும். வண்டி புதைந்தால் தேடப் போனவரையும் சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

1980-களில் அவர்கள் பிடித்துக்கொண்ட சூட்சுமம் காற்று. நாம் 30 பவுண்டு காற்று அடிக்கிற இடத்தில் அவர்கள் இரண்டு மூன்று பவுண்டுக்கு இறக்கிவிடுவார்கள். அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுப்பது, எட்டாம் வகுப்புப் பாடம், நினைவிருக்கிறதா? காற்று பத்தில் ஒரு பங்கானால் டயர் தரையில் படியும் பரப்பு பத்து மடங்காக வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடை தாங்குவதால் அவ்வளவு வராது. ஆனாலும் டயர் நீளவாக்கில் படர்ந்து, வண்டி பனியின் மேல் மிதக்கும். இப்படி நசுங்கியும் ரிம் அடிபடாமல் இருக்க உயரமான டயர் வேண்டும். 38 அங்குலம், பிறகு 44 என்று அவர்கள் போனது பகட்டுக்காக அல்ல.

இங்கேதான் கியர் வருகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. பினியன் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 31 அங்குல டயரைக் கழற்றி 38 மாட்டினால், ஒரு சுற்றில் கடக்கும் தூரம் சுமார் 23 சதவீதம் கூடிவிடும். இழுவை குறையும், 4.10 இருந்த வண்டி 3.34 போலத் திணறும். மேட்டில் கிளட்ச் பிளேட் தீய்ந்து வாடை வரும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் 4.10 பெருக்கல் 38 வகுத்தல் 31, அதாவது 5.03. கிடைக்கிற கிரவுன் பினியன் செட்டில் 39-க்கு 8 பல் என்றால் 4.88, 37-க்கு 7 என்றால் 5.29. பனியில் இழுக்க 5.29தான் என் தேர்வு.

இது புது யோசனையும் அல்ல. ராணுவ வில்லிஸ் ஜீப்பில் 4.88 இருந்தது. அதையே 1945-இல் விவசாயிகளுக்கு விற்றபோது கம்பெனியே 5.38 ஆக்கிவிட்டது. உழ வேண்டுமே!

விகிதம் கூடக்கூடப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய டயரின் பளுவையோ அந்தச் சின்னப் பினியன்தான் தாங்க வேண்டும். அதனால் சிலர் ஆக்சிலில் எல்லாச் சுமையையும் ஏற்றாமல், டிரான்ஸ்ஃபர் கேஸோடு இன்னொரு குறைப்பு கியர் பெட்டியைச் சேர்த்தார்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிரேக்குக்கும் வேலை கூடும். டயரை மட்டும் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 73-இல் போகும். (ஐஸ்லாந்தில் இப்படி மாற்றிய வண்டிகளுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் கேள்வி கேட்ட தம்பி ஒருமுறை படித்துவிடட்டும்.)

1990-இல் ஐஸ்லாந்தில் இந்த வேலைக்கென்றே தொடங்கியது ஆர்க்டிக் டிரக்ஸ். அவர்கள் மாற்றிய டொயோட்டா ஹைலக்ஸில்தான் 2007-இல் பிபிசியின் 'டாப் கியர்' குழு வட காந்தத் துருவம் 1996-இல் இருந்த இடத்துக்குப் போனது. 2010 நவம்பரில் ரசிக் ரவீந்திரா தலைமையில் எட்டு இந்தியர்கள் அண்டார்க்டிகாவிலுள்ள நம் மைத்ரி நிலையத்திலிருந்து தரைவழியாகவே தென் துருவத்தை அடைந்தார்களே, அவர்கள் ஓட்டிப்போனதும் இதே பட்டறையின் வண்டிகளைத்தான்.