ஞாயித்துக்கிழமை மட்டும் வீசிங் இல்லையா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து யாராவது வீசிங்னு வந்தா, ஸ்டெத் எடுக்கிறதுக்கு முன்னாடியே நான் கேக்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?"

"லீவு அன்னைக்கு பரவாயில்லை டாக்டர்" என்று பதில் வந்தால், அது வேலை தந்த ஆஸ்துமாவாக இருக்கலாம். ஆனால் சந்தேகம் வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபிக்கக் கத்துக்கிட்ட கதை சுவாரஸ்யமானது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

1950களில் தெற்கு வேல்ஸில், சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்த மையத்தில் பேசில் மார்ட்டின் ரைட் என்ற டாக்டர் இருந்தார். முழு பலத்தோடு ஊதினால் காற்று எவ்வளவு வேகமா வெளியே வருதுன்னு காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரை உருவாக்கியவர் அவர்தான். (குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவங்களை ஊதச் சொல்லும் கருவியிலும் அவர் பங்கு உண்டு!) பிறகு அது சின்ன பிளாஸ்டிக் குழாயாகி வீட்டுக்கே வந்துவிட்டது.

1979இல் ஷெர்வுட் பர்ஜ் குழுவினர் ஒரு எளிய காரியம் செய்தார்கள். மீட்டரைத் தொழிலாளர் கையிலேயே கொடுத்து, வேலை நாளிலும் லீவிலும் திரும்பத் திரும்ப ஊதி எழுதி வைக்கச் சொன்னார்கள். அவர்கள் ஆராய்ந்த பொருட்களில் ஒன்று ஐசோசயனேட். நம்ம ஊர் தோல் ஃபினிஷிங்கிலும் ஷூ பசையிலும் பயன்படும் அதே ரசாயனக் குடும்பம். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கு. பல பேருக்கு இளைப்பு அங்கேயே வராது, சில மணி நேரம் கழித்து ராத்திரியில்தான் வரும். அதனால வேலை மேல சந்தேகமே வராது, "பனி ஒத்துக்கல"ன்னு போயிடும்.

1996இல் அதே குழு இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தது. ஓயசிஸ் என்று பெயர். ஆஸ்துமாவில் டிஜிட்டல்னா ஏதோ புதுசுன்னு நினைக்கிறோம், அதுக்கே கிட்டத்தட்ட முப்பது வயசு.

அதே 1996 ஆகஸ்டில்தான் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கின் மையம் பாலாறும் நிலத்தடி நீரும். ஷெட்டுக்குள்ளே இருக்கும் காற்று பேச்சின் நடுவுக்கு வரவில்லை.

2010இல் அமெரிக்காவில் டேவிட் வான் சிக்கிள் ஒரு நிறுவனம் தொடங்கினார். இந்தியாவில் ஆஸ்துமா கூடுவதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த மானுடவியலாளர் அவர். இன்ஹேலர் மேல் மாட்டும் அவரது சென்சார், எப்போ, எங்கே மருந்து எடுத்தீங்கன்னு போனுக்கு அனுப்பியது. எந்த நாள், எந்த இடம் என்பதுதான் துப்பு. பார்சிலோனாவில் 1981 முதல் 1987 வரை 26 முறை ஆஸ்துமா கூட்டம் கூட்டமாக வந்தது. துறைமுகத்தில் சோயா இறக்கிய நாட்களோடு பொருத்திப் பார்த்துத்தான் காரணம் கண்டுபிடித்தார்கள். சைலோவில் ஃபில்டர் போட்டதும் அடங்கியது.

ஆனா ஆம்பூருக்கு அந்த ஜிபிஎஸ் போதாது. ஒரே காம்பவுண்டில் ஒரு மூலை ட்ரம், இன்னொரு மூலை பஃபிங், அடுத்தது ஸ்ப்ரே. "இன்னைக்கு ஸ்ப்ரே பக்கம்" என்று நீங்க போனில் எழுதும் ஒரு வரி எனக்கு சாட்டிலைட்டைவிடப் பெருசு.

மீட்டர் சில நூறு ரூபாய்தான். எழுந்ததும், வேலை நடுவில், வீடு வந்ததும், படுக்கும்முன் என ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொரு தடவையும் மூணு ஊது, பெரிய எண்ணைக் குறிங்க. லீவு நாட்களும் சேர்த்து மூணு வாரம். போன் அலாரம் வச்சுக்கோங்க. இன்ஹேலரை நீங்களா நிறுத்தாதீங்க, வேலையையும் அவசரப்பட்டு விடாதீங்க. அதே நேரம் வருஷக்கணக்கா இழுக்கவும் வேண்டாம். காரணப் பொருளிலேயே நாளாக நாளாக இருந்தா, பிறகு வேலையை விட்டாலும் இளைப்பு விடாமல் போகலாம்.

வேலையால் வரும் ஆஸ்துமா சட்டப்படி தொழில்சார் நோய்களின் பட்டியலில் இருக்கு. அதனால அந்தக் குறிப்பு உங்க ஆதாரம். கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போடாதீங்க. ஒரு காப்பி வீட்டில் வச்சிட்டு, இன்னொண்ணை டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க.