காலில் படும் விளையாட்டுக் காயங்கள்: எது சுளுக்கு, எது ஜவ்வுக் கிழிசல்?

மைதானத்தில் ஒருவர் கால் மடங்கி விழுந்தால், "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடுகிறோம். எல்லா நேரமும் அது சுளுக்கு அல்ல. காலின் அமைப்பை ஓரளவு அறிந்தால், எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும் என்பது விளங்கும்.

எலும்பையும் எலும்பையும் பிணைப்பது தசைநார். இதையே பேச்சில் ஜவ்வு என்கிறோம். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண்.

முழங்கால்

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் இங்கே சந்திக்கின்றன. நான்கு முக்கியத் தசைநார்கள் இம்மூட்டை நிலைநிறுத்துகின்றன. அவற்றுள் ஏசிஎல் எனப்படும் முன் குறுக்குத் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் காக்கிறது. ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும் இது கிழிகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே இது நடக்கிறது. 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், கால் நிலைகொள்ளாத உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆபத்து இனிதான் இருக்கிறது. வீக்கம் வற்றியதும் வலி குறையும். குணமாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் ஆடுவார்கள். பிடிப்பில்லாத மூட்டு மறுபடி நழுவும்போது, இரு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல் உள்ள மெனிஸ்கஸும் கிழியும். பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானத்துக்கு இது வழிவகுக்கும்.

பிரேசில் வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில், உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் ஏசிஎல் கிழிந்தது. சிறந்த சிகிச்சை கிடைத்தும் அவர் களத்துக்குத் திரும்ப ஓராண்டு ஆனது.

கணுக்கால்

பாதம் உட்புறமாக மடங்கினால் வெளிப்புறத் தசைநார்கள் இழுபடும். இதுவே உண்மையான சுளுக்கு. ஆனால் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

தொடையும் குதிகாலும்

வேகமாக ஓடுகையில் தொடையின் பின்புறத் தசை கிழிவதுண்டு. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலீஸ் தசைநாண் அறுந்தால், யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல இருக்கும். அந்தக் காலில் முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாது. இதற்குத் தாமதமின்றிச் சிகிச்சை தேவை.

உடனே செய்ய வேண்டியவை

ஆட்டத்தை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மிதமாகக் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு உருவுவதும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். அவை வீக்கத்தைக் கூட்டும்.

வருமுன் காக்க

கால்பந்து வீரர்களுக்காக 'ஃபிஃபா 11+' என்ற பயிற்சி உள்ளது. ஆட்டத்துக்கு முன் சுமார் 20 நிமிடம் போதும், கருவிகளும் தேவையில்லை. முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரும், பயிற்சி தருவோரும் இதைப் பழக்கமாக்கினால் பல கால்கள் தப்பும்.