5.2 என்ற எண் வந்த வரலாறு

இணையத்தளம் ஒன்றை நடத்த உதவும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளை நிறுவப் புகும்போது முதலில் எதிர்ப்படுவது ஒரு தேவைப் பட்டியல். தளம் குடியிருக்கும் வலை வழங்கியில் பி.எச்.பி. மொழியின் இன்ன பதிப்பு இருக்க வேண்டும், தரவுத்தளத்தின் இன்ன பதிப்பு இருக்க வேண்டும் என்று அது விதிக்கும். இந்த எண்களை யார் முடிவு செய்கின்றனர்?

பி.எச்.பி. மொழியை ராஸ்மஸ் லெர்டார்ப் 1995இல் வெளியிட்டார். கேட்பவருக்கு அனுப்புமுன் பக்கத்தை வழங்கியிலேயே ஆக்கித் தரும் மொழி இது. 2000இல் வந்த அதன் நான்காம் பதிப்பு உலகெங்கும் பரவியது. 2004 ஜூலையில் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. பெரிய நிரல்களை ஒழுங்குற அமைக்க அதுவே ஏற்றது. ஆயினும் மூன்றாண்டுகள் சென்ற பின்னும் ஏராளமான வழங்கிகளில் நான்காம் பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் என்ன? ஒரே வாடகை வழங்கியில் பலருடைய தளங்கள் இருக்கும். பதிப்பை மாற்றினால் பழைய நிரல்கள் சில பழுதாகக்கூடும். மென்பொருள்கள் நான்காம் பதிப்பிலேயே ஓடும்போது மாற்றுவானேன் என்று வழங்கி நிறுவனத்தார் இருந்தனர். வழங்கிகளில் நான்காம் பதிப்பே இருக்கையில் ஐந்தைக் கேட்டால் நம் மென்பொருளை யார் நிறுவுவார் என்று அதை எழுதுவோர் அஞ்சினர். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்!

2007இல் இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது. துருபல், டைப்போ3, பி.எச்.பி.மைஅட்மின் முதலிய திட்டங்களைச் சேர்ந்தோர் 'கோ பி.எச்.பி.5' என்ற இயக்கத்தில் ஒன்றுகூடினர். 2008 பிப்ரவரி 5க்குப் பின் வெளியிடும் புதிய வசதிப் பதிப்புகளுக்குக் குறைந்தது பி.எச்.பி. 5.2 வேண்டும் என்பது அவர்களின் உடன்பாடு. எல்லாருக்கும் ஒரே நாள் என்பதால் எவரும் தனித்து நட்டப்பட வேண்டியதில்லை. அதே 2007 ஜூலையில் பி.எச்.பி. குழுவினரும், நான்காம் பதிப்புக்கான ஆதரவு அவ்வாண்டுடன் முடியும். இன்றியமையாத பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2008 ஆகஸ்ட் 8 வரை கிடைக்கலாம் என்று அறிவித்தனர். அதற்குப் பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பழைய பதிப்பில் தங்குவது ஆபத்தாயிற்று.

2011 ஜனவரியில் வந்த துருபல் 7, பி.எச்.பி. 5.2 கேட்டது. இயக்கத்தில் சேராத வேர்ட்பிரசும், பயனாளர்களை விட்டுவிடக்கூடாது என்று காத்திருந்து, அவ்வாண்டு ஜூலையில் 5.2.4 என விதித்தது. அந்த வரம்பை அது 5.6க்கு உயர்த்தியது 2019இல்தான்.

ஆக, தேவைப் பட்டியலில் உள்ள ஓர் எண், இயந்திரத்தின் திறனை மட்டும் குறிப்பதன்று. பலர் கூடி, எப்போது நகர்வது என்று செய்த முடிவையும் அது குறிக்கிறது.