கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க முடியுமா? 'ஆறாவது புலன்' பற்றி அறிவியல் சொல்வது என்ன?

ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. அவள் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு செய்தித்தாளைக் கொடுக்கிறார்கள். அதை மூக்கருகே கொண்டுபோய், முகர்ந்து பார்ப்பதுபோலத் தலையை லேசாகத் தூக்குகிறாள். பிறகு தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படிக்கிறாள். மண்டபமே கைதட்டுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள், "எங்க பையனுக்கும் இதைக் கத்துக்கொடுப்பீங்களா? ஃபீஸ் எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

இப்படி ஒரு வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்', அதாவது நடுமூளையைத் தூண்டுதல் என்ற பெயரில் இந்தியாவின் பல நகரங்களில் இந்த வகுப்புகள் நடந்திருக்கின்றன. இரண்டு நாள் பயிற்சி, கொஞ்சம் இசை, கொஞ்சம் நடனம், கொஞ்சம் தியானம். அது முடிந்தால் பிள்ளைக்கு 'ஆறாவது புலன்' திறந்துவிடும், நினைவாற்றல் கூடும், மதிப்பெண் ஏறும் என்கிறார்கள். கட்டணம் ஆயிரக்கணக்கில். உண்மையில் அந்த மேடையில் என்னதான் நடக்கிறது?

மூக்கின் இரண்டு பக்கமும் பாருங்கள்

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கைக்குட்டையால் உங்கள் கண்ணை நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறந்து நேராகக் கீழே பாருங்கள். மூக்கின் இரண்டு பக்கத்திலும் துணி கன்னத்தோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி இருக்கும். அதன் வழியே உங்கள் மடி தெரியும், கையில் இருக்கும் போன் தெரியும், அதில் உள்ள எழுத்தும் தெரியும். தலையைக் கொஞ்சம் தூக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். 'முகர்ந்து பார்ப்பது' எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இது பழைய வித்தை. 1920-களில் பிரான்ஸில் 'கண்ணில்லாப் பார்வை' என்றார்கள். 1960-களில் சோவியத் ரஷ்யாவில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரல் நுனியால் படிப்பதாகப் பரபரப்பு கிளம்பியது. அப்போது அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மேஜிக் கலைஞர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த இந்த மூக்கோர இடைவெளியைத்தான் அதில் விளக்கினார்.

நம் நாட்டில் இதைத் தொடர்ந்து மேடையேறி உடைத்துக் காட்டியவர் மங்களூருவைச் சேர்ந்த நரேந்திர நாயக். உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர், இந்தியப் பகுத்தறிவாளர் சங்கங்களின் கூட்டமைப்பை வழிநடத்தியவர். அவருடைய சோதனையில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. இடைவெளி விடாத கண்மறைப்பைப் போடுவது, அல்லது படிக்க வேண்டிய தாளை மூக்குக்குக் கீழே வைக்காமல் வேறு இடத்தில் வைப்பது, அவ்வளவுதான். 'மூளையால்' படிப்பது உண்மையென்றால் தாள் தலைக்கு மேலே இருந்தால் என்ன, முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன? ஆனால் கீழ்நோக்கிய பார்வை அடைபட்டதுமே அந்த 'சக்தி' போய்விடுகிறது.

நடுமூளை தூங்கிக்கொண்டா இருக்கிறது?

இல்லை. நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பகுதி. திடீரென்று வெளிச்சம் பட்டால் கண் அந்தப் பக்கம் திரும்புகிறதே, சத்தம் கேட்டால் தலை திரும்புகிறதே, அந்த வேலையில் அதற்குப் பங்கு உண்டு. டோபமைன் சுரக்கும் முக்கியமான செல்களும் அங்கேதான் இருக்கின்றன. அவை அழிவதால்தான் பார்க்கின்சன் நோய் வருகிறது. பிறந்த குழந்தைக்கே நடுமூளை வேலை செய்துகொண்டிருக்கிறது. அது வேலை செய்யாத பிள்ளை வகுப்புக்கு நடந்து வராது, தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கும்.

"ஆனா, மனுஷனுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கே?"

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் புலன்கள் உண்மையிலேயே குறுகியவைதான். சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரைதான் நம் கண்ணுக்கு ஒளி. அதற்கு அந்தப் பக்கம் உள்ள புற ஊதாவைத் தேனீ பார்க்கிறது, இந்தப் பக்கம் உள்ள அகச்சிவப்பைக் குழிவிரியன் பாம்பு உணர்கிறது. காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எல்லை, வயசாக ஆக மேல் எல்லை இன்னும் குறையும். யானைகள் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே பேசிக்கொள்கின்றன, பக்கத்தில் நின்றாலும் அந்தக் குரல் நமக்குக் கேட்காது.

இருக்கிற எல்லைக்குள்ளும் ஓட்டை உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலது பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்துக்கொண்டே தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் ஓர் அடி தூரத்தில் புள்ளி மறைந்துபோகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்பதே காரணம். இதைவிட ஆச்சரியம், அந்த இடம் ஓட்டையாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள வெள்ளையை வைத்து மூளையே அதை நிரப்பிவிடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டுவதில் நம் மூளை கெட்டிக்காரத்தனம் மிகுந்தது!

1999-ல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் வெளியிட்ட சோதனையும் இதைத்தான் காட்டியது. வீடியோவில் பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

புலன்கள் ஐந்துதான் என்ற கணக்கும் சரியில்லை. கண்ணை மூடி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். கை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள் சொல்கின்றன. உடம்பு சாயாமல் நிற்க உள்காதில் தனி அமைப்பு இருக்கிறது. 'ஆறாவது புலன்' என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டுமென்றால், இவற்றுக்குத்தான் அந்த உரிமை.

ஆக, நமக்கு எட்டாதது நிறைய இருக்கிறது. அதற்காக யார் எதைச் சொன்னாலும் உண்மையாகிவிடாது. எக்ஸ்-ரேயையும் வானொலி அலையையும் யாரும் உள்ளுணர்வால் கண்டுபிடிக்கவில்லை, கருவிகள் காட்டின. யார் வீட்டில் சோதித்தாலும் அதே விடை வந்தது.

சுனாமியை யானைகள் முன்பே அறிந்தனவா?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது. இலங்கையின் யால தேசியப் பூங்காவில் யானைகள் அலை வருவதற்கு முன்பே ஓடிவிட்டன என்றார்கள். தற்செயலாக, அந்தப் பகுதியில் இரண்டு யானைகளுக்குச் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்தது. ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே தப்பி ஓடியதற்கான அடையாளம் கிடைக்கவில்லை. இரண்டே யானைகள்தான், இதை வைத்து எல்லா விலங்குகளுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கதையைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆய்வைப் பகிர்ந்தார்கள்?

அந்தமானின் ஓங்கே பழங்குடியினர் தப்பியதையும் சிலர் 'ஆறாவது புலன்' கணக்கில் சேர்த்தார்கள். நில நடுக்கத்தையும் கடல் பின்வாங்கியதையும் கண்டு அவர்கள் மேட்டு நிலத்துக்குப் போனார்கள். அது தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்த அறிவு. அதற்கு மாய சக்தி என்று பேர் வைப்பது, என்னைக் கேட்டால், அவர்களுடைய படிப்பைக் குறைத்துப் பேசுவதுதான்.

"எனக்கு அப்பவே தோணுச்சு"

நினைத்த மாத்திரத்தில் அத்தை போன் பண்ணுகிறார். கனவில் வந்தவர் மறுநாள் இறந்துபோகிறார். இது எப்படி?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளில் ஒருவருக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்புள்ள அபூர்வ நிகழ்ச்சி என்று வையுங்கள். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் அது தினமும் 1,400 பேருக்கு நடக்கும். அந்த 1,400 பேரும் ஊரெல்லாம் சொல்வார்கள். அத்தையை நினைத்தும் போன் வராத நாட்களை யாரும் சொல்வதில்லை, ஞாபகத்திலும் வைப்பதில்லை.

இன்னொரு வகை உண்டு, அதில் விஷயம் இருக்கிறது. முடிவெடுப்பதை ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன் ஒரு தீயணைப்பு அதிகாரியைப் பற்றி எழுதியிருக்கிறார். எரியும் வீட்டுக்குள் நின்றவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லோரையும் வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறியதும் தரை இடிந்து விழுந்தது. தனக்கு அதீத சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பினார். பேசிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தண்ணீர் அடித்தும் தீ அடங்கவில்லை, சூடு வழக்கத்தைவிட அதிகம், சத்தமோ குறைவு. தீ அவர்கள் காலுக்குக் கீழே இருந்தது. பல வருஷ அனுபவம், அவர் வார்த்தையில் யோசிப்பதற்கு முன்பே பொருத்தமின்மையைக் கண்டுகொண்டது. பழைய கண்கள், பழைய காதுகள்தான். புதுப் புலன் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் என்ன ஆனது?

சோதிக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்பது உண்மையல்ல. 1930-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் ஐந்து வகைக் குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தார். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதைத் தாண்டிய முடிவுகள் வந்ததாக அவர் சொன்னார். மற்றவர்கள் கட்டுப்பாட்டை இறுக்கிச் செய்தபோது அது நிலைக்கவில்லை. அமெரிக்க அரசு, தூரத்தில் இருப்பதை மனத்தால் பார்க்கும் உளவுத் திட்டத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் பணம் கொடுத்து, பயனில்லை என்ற மதிப்பாய்வோடு 1995-ல் மூடியது. 2011-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், எதிர்காலத்தை மனிதர்கள் லேசாக உணர்கிறார்கள் என்று கட்டுரை வெளியிட்டார். அதில் பேசப்பட்ட ஒரு சோதனையில் 50 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 53.1 வந்திருந்தது. மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அந்த 3 சதவீதமும் காணாமல் போனது.

பரிசுத் தொகைகளும் கேட்பாரற்றுக் கிடந்தன. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடி செய்ய முடியாத சூழலில் அதீத சக்தியைக் காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் வாங்கவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டியின் பத்து லட்சம் டாலர் சவாலும் 2015-ல் வெற்றியாளர் இல்லாமலே முடிவுக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தமிழில் 'ஆறறிவு' என்பது இந்த விவகாரமே அல்ல. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும் தொல்காப்பியம், ஆறாவதாக வைப்பது மனத்தை. கண்கட்டு வித்தையைப் பார்த்துச் சந்தேகப்படுவதுதான் அந்தக் கணக்கில் ஆறாம் அறிவு. ஆங்கிலத்திலிருந்து வந்த 'சிக்ஸ்த் சென்ஸ்' அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிள்ளையை ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களா?

முதலில், பிள்ளையைத் திட்டாதீர்கள். அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அப்பா பணம் கட்டியிருக்கிறார், பக்கத்துப் பிள்ளை 'படித்துவிட்டான்', எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள். இடைவெளி வழியே தெரிகிறது என்று சொன்னால் தோற்றவனாகிவிடுவோம் என்ற பயம். சிலர் தெரிந்தே நடிக்கிறார்கள். சிலருக்கு அது ஏமாற்று என்றுகூடத் தெரியாது, 'இப்படித்தான் பார்க்கணும்போல' என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்பின் பெரிய கேடு பணம் போவது அல்ல. பெற்றோரைச் சந்தோஷப்படுத்தப் பொய் சொல்லலாம் என்று எட்டு வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதுதான். கூடவே, பரீட்சையில் மதிப்பெண் ஏறாதபோது 'உன் மூளையைத்தான் தூண்டியாச்சே' என்ற பேச்சையும் அதுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தனியாக, விளையாட்டுப்போலச் சோதியுங்கள். நீச்சல் கண்ணாடியின் உள்பக்கத்தை அலுமினியத் தாளால் மறைத்துப் போட்டுவிடுங்கள். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு புத்தகத்தை நீங்களும் பார்க்காமல் திறந்து, அதன் தலைக்கு மேலே பிடியுங்கள். வரவில்லையென்றால், "எனக்கும் வராதுடா, யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டு கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது பணம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். ரசீது, துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதி எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.