மலைப்பாதையில் ஒரு தகடு

அட்டனிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்திற் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். வண்டி நிலையத்தை அணுகியதும், தோற்பை கோத்த பெரிய வளையமொன்றைச் சாரதி நீட்டிக் கொடுப்பார்; வேறொன்றைப் பெற்றுக்கொள்வார். அப்பையினுள் இருப்பது சிறியதோர் உலோகத் தகடு. 'டப்லெட்' என்பது அதன் பெயர்.

1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டிய இப்பாதை, கோப்பி அழிந்தபின் தேயிலை துறைமுகம் சேரும் வழியாயிற்று. மலையைக் குடைந்து இட்டதாதலின் ஒற்றைத் தண்டவாளமே. வளைவுகளோ மிகுதி, எதிரே வருவது கண்ணிற்பட்டபின் நிறுத்த நேரமிராது.

தந்தியிற் கேட்டறிந்து வண்டியை விடலாமே என்பீர்கள். இங்கிலாந்தில் நோரிச் நகரருகே அப்படித்தான் செய்து வந்தார்கள். 1874 செப்டெம்பர் 10 ஆம் நாள், எதிர்வண்டியை அனுப்புக என்ற செய்தி, அதிகாரி கையொப்பமிடுமுன்னரே கம்பியிற் போய்விட்டது. இப்பக்கத்து வண்டியும் புறப்பட்டது. தடுக்கத் தந்தியடித்தபோது, வண்டி சென்றுவிட்டதென்ற மறுமொழியே கிடைத்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கம்பியிற் பழுதில்லை. கையொப்பமின்றி அனுப்பலாகாதென்ற விதியும் இருந்தது. ஆனால் அது ஏட்டில் இருந்தது. எட்வர்ட் டையர் என்பார் 1878 இல் அவ்விதியை இயந்திரத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் கம்பியால் இணைந்த இரு பொறிகள். ஒரு நிலைய அதிபர் மணியடித்துக் கேட்பார். மற்றவர் இசைந்து மின்னோட்டம் அனுப்பினாலன்றித் தகடு வெளிவராது. ஒன்று வெளிவந்தபின், அது ஏதேனுமொரு பொறிக்குள் திரும்பும்வரை இரண்டும் பூட்டியே கிடக்கும். தகடில்லாத சாரதி நகரலாகாது. நமது மலைநாட்டில் இம்முறை இருபத்தோராம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

கேட்டல், இசைதல், ஒப்படைத்தல் என்ற இம்மூன்றையும் இன்று கணினி வலையமைப்புக் கருவிகளுக்குள் மென்பொருளாக எழுதுகிறார்கள்; 'புரோட்டோகோல்' என்கிறார்கள். 1980களிற் பரவிய 'டோக்கன் ரிங்' வலையமைப்பில் ஓர் அடையாளச் செய்தி கணினிக்குக் கணினி சுற்றிவரும். அதைப் பிடித்த கணினியே பேசலாம். நம் தகட்டின் தம்பி என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் உடன்பிறந்தாருக்குள் குணபேதம் உண்டு. அடையாளம் தொலைந்தால், கண்காணிக்கும் கணினி புதியதொன்றைத் தானே பிறப்பித்துவிடும். செய்தி மோதினால் மீண்டும் அனுப்பலாம் அல்லவா? டையரின் பொறியோ அவ்வாறு செய்யாது. மறுமொழி வராவிடின் அது வாய் திறவாது. மென்பொருள் எழுதுவோன் முதலிலே தீர்க்கவேண்டியது இதைத்தான்: பதில் வராதபோது தொடர்வதா, நிற்பதா? மருந்து செலுத்தும் கருவிக்கும் தொலைபேசிக்கும் ஒரே விடை பொருந்தாது.

மழைக்காலத்தில் மண்சரிந்து கம்பி அறுந்தால், அந்தப் பொறி தகடு தராது. கையெழுத்தும் முத்திரையுமாகக் காகித அனுமதி எழுதி முடிக்கும்வரை வண்டி நிலையத்திலேயே நிற்கும். தேயிலைப் பெட்டிகள் காத்துக் கிடக்கும். தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பங்கள் குளிரில் மேடையிலே குந்தியிருந்து, நிலைய அதிபரை ஏசும்.