கொட்டினால் கிராவல், கிடந்தால் சரளை

கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர்–புதுக்கோட்டை நெடுஞ்சாலையை விட்டுச் சைக்கிளைத் திருப்பிக் கொஞ்ச தூரம் போனால் டயருக்கடியில் சத்தம் மாறும். தார் ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்த சக்கரம் நறநறவென்று அரைக்கத் தொடங்கும். இரண்டு பக்கமும் முந்திரிக் காடு, நடுவில் செக்கச் செவேலென்று பாதை. லாரி இல்லை, ஹாரன் இல்லை. எதிரே ஆட்டு மந்தை வந்தால் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். முந்திரி பூத்திருந்த தை மாதத்தில் அப்படி ஒதுங்கி நின்றபோதுதான் ஆடு ஓட்டி வந்த பெரியவரிடம் கேட்டேன்.

“ஐயா, இந்தக் கிராவல் ரோடு எங்க போய் ஏறுது?”

“இது கிராவல் இல்ல தம்பி, சரளை” என்றார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, “கொட்டுனா கிராவல். கெடந்தா சரளை” என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார்.

அகராதி பார்த்து வேலை செய்கிற எனக்கு இந்த வேறுபாட்டை எந்த அகராதியும் சொல்லித் தந்ததில்லை. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில் உருண்டை உருண்டையாகக் கற்கள். மேலே பளபளப்பான கரும்பழுப்பு, உடைந்த இடத்தில் காவி. கையில் செம்பொடி ஒட்டிக்கொண்டது. இது மண்ணிலேயே விளைந்த கல். மழையும் வெயிலும் மாறி மாறிப் பாறையைச் சிதைத்து, கரையக்கூடியதைக் கரைத்து எடுத்துப்போன பின் இரும்பு தங்கி இறுகியது. பெரும்பாளமாக இருந்தால் செம்பராங்கல். கேரளத்தில் வெட்டுக்கல். மலபாரில் இந்தக் கல்லைச் செங்கல் போல வெட்டி எடுப்பதைப் பார்த்திருந்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

கிராவலுக்கு வருவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் இல்லை. கிராவல் மண், கிராவல் குவாரி, கிராவல் லோடு. ஈழத்தில் ‘கிரவல் வீதி’ என்பார்கள். ஆங்கிலச் சொல் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஆங்கிலத்துக்கும் அது சொந்தமில்லை. பழைய பிரெஞ்சில் ‘கிராவ்’ அல்லது ‘கிரேவ்’ என்றால் மணலும் கூழாங்கல்லும் கிடக்கும் கரை. அதன் சிறுமை வடிவம் ‘கிராவெல்’. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் குடியேறிய ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று. அதற்கும் அடியில் இருப்பது கெல்ட்டிய வேர் என்று சொல்நூலார் கருதுகிறார்கள். இன்றும் வேல்ஸ் மொழியில் சரளைக்கு ‘குரோ’ என்றுதான் பேர்.

அந்த வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பிரான்சில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. போர்தோ நகரை ஒட்டிய சரளை நிலத்துத் திராட்சைத் தோட்டப் பகுதிக்கு ‘கிராவ்’ என்றே பெயர். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் இருந்த திடலின் பழைய பெயர் ‘கிரேவ் திடல்’. வேலை தேடுகிறவர்கள் அங்கே வந்து கூடி நிற்பார்கள். அங்கே நிற்பதைக் குறித்த தொடர் வேலைநிறுத்தத்தைக் குறிப்பதாகி, இன்று பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்குச் சொல் ‘கிரேவ்’. காலடியில் கிடந்த கூழாங்கல் உழைக்கிறவனின் உரிமைக்குப் பெயராகிவிட்டது. சொல்லாராய்ச்சியில் இறங்கியவனுக்கு இப்படி ஒன்று அகப்பட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது.

பக்கத்தில் காரைக்கால் இருக்கிறது, அந்த வழியாகப் பிரெஞ்சிலிருந்தே நேராக வந்திருக்குமோ என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்க முடியாது. பிரெஞ்சில் சரளைக்குப் பிற்காலத்தில் வழங்கும் சொல் ‘கிராவியே’. அது வந்திருந்தால் நம் வாயில் வேறு உருவம் எடுத்திருக்கும். ‘வல்’ என்று முடிவதே இது ஆங்கிலம் வழி வந்தது என்பதற்குச் சாட்சி. வந்த வாசலும் தெரிகிறது: சாலை போடும் துறையும் கனிமச் சட்டமும். 1957ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டம் சிறு கனிமங்களை வரையறுக்கும் இடத்தில் கட்டடக் கல், சாதாரணக் களிமண், மணல் ஆகியவற்றோடு ‘கிராவல்’ என்றும் சொல்கிறது. அளப்பதற்கு ‘யூனிட்’, ஒரு யூனிட் நூறு கன அடி. டிப்பர், நடைச்சீட்டு, யூனிட், கிராவல் எல்லாம் ஒரே வண்டியில் வந்து இறங்கிய சொற்கள். பெரியவர் சொன்னது இதைத்தான். நிலமாகக் கிடக்கும்வரை சரளை. தோண்டி, அளந்து, விலை வைத்தபின் கிராவல்.

அதற்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது? கொஞ்சமா இருந்தது!

பரல் இருந்தது. பாலைப் பாடல்களில் வழிப்போவாரின் காலை உறுத்தும் கல் அது. அதே சொல் சிலம்புக்குள் புகுந்து ஒலிக்கும் மணியானது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். ஒரு வழக்கு அந்த வேறுபாட்டில் தீர்ந்தது. முரம்பு இருந்தது. கல்லும் சரளையும் இறுகிய மேட்டு நிலம் முரம்பு. முல்லைப் பாடல்களில் வீடு திரும்பும் தலைவனின் தேர்ச் சக்கரம் அதைப் பிளந்துகொண்டு வரும். சக்கரமும் சரளையும் சேர்ந்து எழுப்பும் ஓசையைத் தமிழ் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முரம்பு பற்றி ஒரு ஆசை எனக்கு உண்டு. மராத்தியில் இத்தகைய மண்ணுக்கு ‘முரூம்’. கென்யாவிலும் உகாண்டாவிலும் செஞ்சரளைச் சாலையை இன்றும் ‘முரம்’ சாலை என்றே சொல்கிறார்கள். மூன்றும் ஒன்று என்று சொல்லிவிடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ஒலி ஒப்புமையும் பொருள் ஒப்புமையும் மட்டும் வேரைக் காட்டிவிடாது. இடையில் நடந்த வழி தெரிய வேண்டும். அதனால் அடக்கிக்கொள்கிறேன். சரளைக்கும் அதே எச்சரிக்கை. ‘சரளமாகப் பேசுகிறார்’ என்பதில் உள்ள சரளம் வடசொல். நேரானது, தடையில்லாதது என்று பொருள். சரளையில் சைக்கிள் ஓட்டியவர்கள் இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

கப்பி என்ற சொல் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். என் அப்பாயி மாவு சலிக்கும்போது முற்றத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சல்லடையை வலது கையால் பிடித்து, இடது உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சலிப்பார். கீழே மாவு மேகம்போல விழும். மேலே தங்கும் குருணையைக் காட்டி, “கப்பியைத் திருப்பி உரல்ல போடு” என்பார். அந்தக் கப்பிதான் உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிய சாலைக்கும் பெயர்: கப்பி ரோடு. மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் முறையில் போட்ட சாலைகள் இங்கே வந்தபோது, அவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் அடுப்படியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டார்கள். சல்லியும் அப்படித்தான், சிறுசிறு துண்டு, சிறு காசு, இன்று வீடு கட்டும் ஜல்லி.

இப்போது பிரான்சில் நடப்பதைச் சொன்னால் சொல்லின் சுற்று முடியும். அங்கே கடந்த சில ஆண்டுகளாக அகன்ற, பட்டை வைத்த டயர் போட்ட ஒருவகைச் சைக்கிளில் ஊர்ப்புறச் சரளைப் பாதைகளில் போவது பெருகியிருக்கிறது. சொந்தத்தில் ‘கிராவியே’ இருந்தும் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிராவெல்’. தாங்கள் கொடுத்ததை ஆங்கிலத்திடமிருந்து திருப்பி வாங்கியிருக்கிறார்கள். பாதையும் அவர்களிடம் இருக்கிறது. 1681இல் முடிந்த மிடி கால்வாயின் கரையில் படகிழுக்கப் போட்ட தடங்கள், ரயில் நின்றுபோன பழைய இருப்புப்பாதைகள் எல்லாம் சைக்கிளுக்கும் நடைக்கும் விடப்பட்டிருக்கின்றன. மோட்டார் வண்டி நுழையாத ‘பசுமைப் பாதை’ என்ற வகையை 2004இல் சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பெயர் வைத்து எழுதியதால் பாதை காப்பாற்றப்படுகிறது.

நமக்கும் அப்படி ஒரு பெயர் ஏட்டில் இருக்கிறது. கிராமத்து ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் விரித்துப் பார்த்தால் புறம்போக்குகளுக்கு நடுவே ‘வண்டிப்பாதை’ என்று எழுதியிருக்கும். மாட்டுவண்டி போனதால் வந்த பெயர். மாட்டுவண்டி ஓய்ந்த பிறகு அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தது சைக்கிள்.

இந்த மாவட்டத்தில் அதைச் செய்தவர்கள் பெண்கள். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காமல் ஆண்களின் சைக்கிளை வாங்கியவர்கள் உண்டு. முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி அது உலகத்துக்குத் தெரிந்தது. பிரான்சில் ஓய்வுக்காகத் தேடிப் போகிற சரளைப் பாதை, இங்கே தண்ணீர்க் குடத்தோடும் பிள்ளையோடும் அடுத்தவரை எதிர்பார்க்காமல் போய்வரக் கிடைத்த விடுதலை. அந்தப் பெருமையில் பாதைக்கும் பங்கு உண்டு.

இன்று அந்தப் பாதைகளில் சில வேலிக்குள் போய்விட்டன. சில, டிப்பர் ஓடி ஓடி முழங்கால் பள்ளமாகிவிட்டன. வேறு சில இடங்களில் பாதையையே தோண்டிக் கிராவலாக்கி ஏற்றிவிட்டார்கள். சரளை என்று சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் அது கிராவலாகிறது என்பது என் முடிவு.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் புல வரைபடத்தில் வண்டிப்பாதை எங்கெங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் அதன் கடைசிவரை போய் வாருங்கள். அந்தப் பாதையை, அந்த மேட்டை, அந்தக் கல்லை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள்.