முகமும் பெயரும்

இலண்டன் மாநகரின் நடுவே, திரபல்கார் சதுக்கத்துக்கு அணித்தாகத் தேசிய உருவப்படக் கூடம் நிற்கிறது. தியூடர் மன்னர் காலந்தொட்டு இன்றுவரை இங்கிலாந்தின் வரலாற்றிற் பெயர் பெற்றோரின் முகங்களை அங்கு வரிசையாகக் காணலாம். மரப்பலகையிலே தீட்டப்பட்ட பழைய படங்கள், எண்ணெய் வண்ணத்தில் எழுந்த ஆளுயர ஓவியங்கள், உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்கள், பென்சிற் கோட்டுருக்கள், நிழற்படங்கள் எனக் காலத்துக்குக் காலம் மாறிய பாணிகள் யாவும் அங்கு உள்ளன. 1896ஆம் ஆண்டில் அக்கூடம் அவ்விடத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்னர் அந்நிலத்தில் நின்றது, புனித மாட்டின் கோவிற்பற்றின் வறியோர் விடுதி. உழைக்க வலுவற்றோரும் வேலை கிடையாதோரும் அரைவயிற்றுக் கஞ்சிக்காக அடைபட்டுக் கிடந்த இடம் அது. அவர்களின் முகங்களைத் தீட்டிவைக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றியிருக்க இடமில்லை.

முகங்களைத் தொகுத்து வைக்கும் வழக்கம் இலண்டனிலே தோன்றியதன்று. பதினாறாம் நூற்றாண்டில், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், பாவ்லோ ஜோவியோ என்னும் ஆயர் தமது மாளிகையில் ஏறத்தாழ நானூறு உருவப்படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். வரலாற்றாசிரியருமான அவர், ஒவ்வொருவர் பற்றியும் சிறு குறிப்பொன்றையும் எழுதினார். அரசரும் படைத்தலைவரும் மட்டுமன்றி, புலவரும் அறிஞரும், துருக்கிச் சுல்தான்களுங்கூட அங்கு இடம்பெற்றனர். குலப்பெருமை ஒன்றே முகத்துக்கு உரிமை தரும் என்றிருந்த நிலவுடைமை உலகில், நூல் எழுதியவனுக்கும் சுவரில் இடமுண்டு என்று கொண்டமை பெரியதொரு மாற்றமே. வணிகம் வளர்ந்த இத்தாலிய நகரங்களில் அது நிகழ்ந்தது தற்செயலன்று. 1552இல் புளோரன்சின் அதிபதி கோசிமோ மெடிச்சி ஓவியர் ஒருவரைக் கோமோவுக்கு அனுப்பி அப்படங்களைப் பிரதிசெய்வித்தான். மூலங்கள் சிதறிப்போயின, பிரதிகள் இன்றும் உபிட்சி ஓவியக்கூடத்தின் நடைகளில், கூரையை ஒட்டி வரிசையாகத் தொங்குகின்றன. பார்ப்போரில் பலர் அவற்றை அண்ணாந்து பார்ப்பதில்லை.

இலண்டன் கூடத்துக்கு வருவோம். ஸ்ரான்ஹோப் பிரபு 1846ஆம் ஆண்டு தொடக்கம் மும்முறை பாராளுமன்றத்தில் வற்புறுத்தியதன் பயனாக 1856 டிசம்பரில் அது நிறுவப்பட்டது. அவ்விடைக்காலத்தில், 1848இல், வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்துத் தொழிலாளர் கெனிங்டன் திடலிலே திரண்டமை ஆளும் வர்க்கத்தை நடுங்கச் செய்தது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். தேசத்தின் பெருமக்களை ஓரிடத்தில் நிறுத்தி, இவரைப் பார்த்து வளர்க என்று மக்களுக்குக் காட்டும் எண்ணம் அந்நடுக்கத்தோடு முற்றிலும் தொடர்பற்றது என்று நான் கருதவில்லை. தொடக்க நாட்களிலேயே அதன் பொறுப்பாளருள் ஒருவராகிய தோமஸ் கார்லைல், வரலாறு என்பதே வீரர்களின் செயல் என்று எழுதியவர்.

கூடம் தனக்கு வகுத்துக்கொண்ட விதிகள் ஊன்றி நோக்கத்தக்கன. ஓவியனின் திறமையை அன்று, ஓவியத்திலுள்ளவரின் புகழையே முதலிற் கருத வேண்டும். அரசியற் கட்சியும் மதப்பிரிவும் குறுக்கிடலாகாது. ஒருவர் பெரும் பிழைகள் செய்திருப்பினும் அதனால் மட்டும் அவர் விலக்கப்படலாகாது. உயிரோடிருப்பவர்க்கு, முடிசூடியவரும் அவர் துணைவரும் நீங்கலாக, இடமில்லை. இறந்து பத்தாண்டு கழிய வேண்டும். இவ்விறுதி விதி 1969 வரை நீடித்தது. நேர்மையான விதிகள்தாம், ஆனால் புகழ் என்பது யாது, அதை யார் அளிப்பர் என்ற வினாவை அவை எழுப்பவில்லை. எழுப்பத் தேவையுமில்லை, விதி வகுத்தோர் அனைவரும் விடையை அறிந்த ஒரே வட்டத்தினர்.

அவர்கள் ஏற்ற முதற் படமே அவ்விதியை எள்ளி நகையாடுவதுபோல் அமைந்தது. ஷேக்ஸ்பியரின் உருவம் எனப்படும், சாண்டோஸ் படம் என வழங்கும் ஓவியம் அது. அது அவருடைய முகந்தானா என்பதை இன்றளவும் எவரும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவவில்லை. புகழுக்காக ஏற்கப்பட்ட படத்தில், புகழுக்குரியவர் இருக்கிறாரா என்பதே தெரியவில்லை. பெயர் முந்திக்கொள்ள, முகம் பின்தொடர்ந்து வந்திருக்கிறது.

1914ஆம் ஆண்டு இக்கூடத்தின் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு யூலை 17ஆம் நாள், வாக்குரிமைக்காகப் போராடிய பெண் ஒருத்தி இறைச்சி வெட்டும் கத்தியுடன் உள்ளே நுழைந்து, மில்லே தீட்டிய கார்லைலின் உருவப்படத்தைக் கிழித்தாள். ஆன் ஹண்ட் என்பது அவள் தந்த பெயர். இயற்பெயர் மார்கிரட் கிப். வீரர்களைப் போற்றியவரின் முகத்தையே அவள் தெரிந்தெடுத்தாள். இத்தகைய பெண்களை அடையாளங் கண்டு வாயிலிலேயே தடுப்பதற்கென, பொலிசார் மறைவாக நின்று எடுத்த அவர்களின் நிழற்படங்கள் அக்காலத்தில் ஓவியக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றில், எவலின் மனெஸ்ரா என்பவள் படத்துக்கு முகங்காட்ட மறுத்தமையால் காவலன் ஒருவன் அவள் கழுத்தைக் கையால் வளைத்துப் பிடித்திருந்தான். வெளியே அனுப்பிய பிரதியில் அக்கையைச் சால்வைபோல் மாற்றித் திருத்தியிருந்தனர். உள்ளே விடக்கூடாத முகங்கள் என்று தரப்பட்ட அப்படங்களே இன்று அக்கூடத்தின் சேகரிப்பில் மதிப்புமிக்க பொருள்களாயுள்ளன.

அதே ஆண்டில்தான் புறொன்ரே சகோதரிகள் மூவரின் ஒரே கூட்டோவியமும் அங்கு வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் ஒரு வீட்டு அலுமாரியின் மேல், நான்காக மடித்தபடி, பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்த படம் அது. அவர்களின் உடன்பிறந்தான் தீட்டியது. கலைத்திறம் அதிகமில்லை. மடித்த சுருக்கங்கள் முகங்களைக் குறுக்கே அறுத்துச் செல்கின்றன. இருப்பினும் அக்கூடத்தில் என் மனத்துக்கு மிக நெருங்கிய படம் எது என்று கேட்டால், அரசர்களை விட்டு இதனையே சொல்வேன்.

வேறு வழி ஒன்றும் இருந்தது. இலண்டன் கூடம் புகழை எடைபோட்டுக் கொண்டிருந்த காலத்தில், மொஸ்கோவில் பாவெல் திரெத்தியாக்கோவ் என்னும் துணியாலை முதலாளி தமது நாட்டின் எழுத்தாளரையும் இசைவாணரையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்தார். பெரோவ் வரைந்த தஸ்தயேவ்ஸ்கி 1872ஆம் ஆண்டினது. கிராம்ஸ்கோய் வரைந்த தோல்ஸ்தோய் அடுத்த ஆண்டினது. அதே கிராம்ஸ்கோய் 1874இல் தீட்டிய காட்டுக் காவலன் ஒருவனின் படமும் திரெத்தியாக்கோவின் தொகுப்பில் உண்டு. குண்டு துளைத்த தொப்பியுடன், எதையும் நம்பாத கண்களுடன் நிற்கிறான் அம்மனிதன். பண்ணையடிமை முறை ஒழிந்து பதின்மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. தோல்ஸ்தோய்க்குக் கொடுத்த கவனத்தில் சிறிதும் குறையாமல் அம்முகத்தை ஓவியன் ஆராய்ந்திருக்கிறான். எனினும் படத்தின் தலைப்பில் இருப்பது தொழிலின் பெயரே, ஆளின் பெயரன்று. 1892இல் தொகுப்பு முழுவதும் மொஸ்கோ நகருக்கு அளிக்கப்பட்டது. 1918இல் சோவியத் அரசு அதனை மக்களின் உடைமையாக்கியது.

இலண்டனும் காலப்போக்கில் மாறியது. யமேக்காவிற் பிறந்த மேரி சீகோல் என்னும் கலப்பினப் பெண் கிரைமியப் போரிற் காயமுற்ற படையினர்க்குத் தொண்டாற்றி, கூடம் நிறுவப்பட்ட அதே 1856இல் கடனாளியாக இங்கிலாந்து திரும்பினாள். 1869இல் அவளை ஓர் ஓவியர் தீட்டினார். அப்பலகை பிற்காலத்தில் வேறொரு அச்சுப்படத்துக்குப் பின்பலகையாகச் சட்டத்துள் அடைபட்டுக் கிடந்து, பழம்பொருட் சந்தையொன்றில் வெளிப்பட்டது. 2008இல் கூடம் அதனைத் தனதாக்கிக்கொண்டது. இங்கிலாந்தின் செவிலியர் வரலாற்றில் அவளுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

பசிபிக் தீவொன்றிலிருந்து 1774இல் இலண்டனுக்கு வந்த மாய் என்னும் இளைஞனின் கதை வேறு வகையானது. அவனை றெனோல்ட்ஸ் தீட்டிய ஆளுயரப் படம் 1776இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. வெண்ணிற அங்கியும் தலைப்பாகையும், உரோமச் சிலையின் நிலையும் ஓவியர் அணிவித்தவை. கைகளிற் காணும் பச்சைகுத்து மட்டுமே அவனுடையது. பெயரையும் பிழையாக ஓமாய் என்றே எழுதினர். 2023இல் அப்படத்தைத் தேசிய உருவப்படக் கூடமும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெற்றி நிறுவனமும் கூட்டாக 5 கோடி பவுணுக்கு வாங்கின. ஊர் திரும்பிய மாய் சில ஆண்டுகளிலேயே இறந்தான்.

இனி, நம் நாட்டைத் தொட்டுச் செல்லும் ஓர் இழை. அக்கூடத்திலுள்ள நிழற்படங்களுட் சிறந்தன என்று போற்றப்படுபவை யூலியா மார்கிரட் கமரன் எடுத்தவை. ஓவியன் தூரிகையாற் செய்வதை அவர் ஒளியாற் செய்தார். 1867இல் அவர் எடுத்த கார்லைலின் முகம் இருளிலிருந்து எழுந்து வருவதுபோல் தோன்றும். தெனிசன், டார்வின் ஆகியோரும் அவர் முன் அமர்ந்தனர். இவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரே. இலங்கையின் நீதிமுறை பற்றி அறிக்கை எழுதியவர், இலங்கையிலே கோப்பித் தோட்டங்களும் வாங்கினார். இராசகாரியத்தை ஒழித்து உழைப்பைச் சந்தைக்கு விட்டவர்களும் அச்சந்தையிற் பயன் கண்டவர்களும் வெவ்வேறானவர் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கோப்பியில் நோய் பரவித் தோட்டங்கள் நொடித்த காலத்தில், 1875இல், கமரன் தம்பதியர் தம்முடன் இரண்டு சவப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்தனர். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த யூலியா 1879இல் இறந்தார். இருவரும் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். இங்கு அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறைக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த்தையும் படமெடுத்தார். அப்படம் மரியான் நோர்த் என்றே வழங்குகிறது. தோட்டத்து வேலையாட்களும் ஊர்க் குடியானவரும் அதே கருவிக்கு முன் நின்றனர். கார்லைலுக்கு வீழ்ந்த அதே ஒளி அவர்கள் முகத்திலும் வீழ்ந்திருக்கிறது.

1878இல் எடுத்த அத்தகைய படம் ஒன்றில் ஓர் முதியவரும் ஓர் ஆணும், அவர்களோடு ஒரு சிறுமியும் உள்ளனர். களுத்துறைக் குடியானவர் குழு என்பது அதன் தலைப்பு. சிறுமிக்குப் பன்னிரண்டு வயதென்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் நூறு வயதினர் என்றும் கூறிக்கொள்கிறார் என்றும் யூலியா குறித்து வைத்தார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவையும் கேட்டிருக்கிறார்.